கஞ்சி கொட்டிய பிறகு பையன் மாறிவிட்டான்: அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும் தெரபிக்கு யாராவது போயிருக்கிறீர்களா?

வெண்ணாற்றங்கரை | மே 11

வணக்கம். திருவாரூர் பக்கத்துப் பெண் நான். இப்போது சான் ஹோசேயில் இருக்கிறோம். பையனுக்கு மூன்று வயது நான்கு மாதம்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார், அவருக்கு வடித்த சோறுதான் பிடிக்கும். சிங்க்கில் சாய்த்து வைத்திருந்த பானையை நான் நிமிர்த்தும் நேரம், அவன் ஹாலிலிருந்து ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். பானை நழுவியது. கஞ்சி அவனுடைய இடது தோள், கை, மார்பு எல்லாம் விழுந்தது. தண்ணீராவது ஓடிவிடும், கஞ்சி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கட்டு மாற்றும் போதெல்லாம் அவன் கையை அசையாமல் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டார்கள். வலிக்கு மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்து "அம்மா விடு, அம்மா விடு" என்று கத்தினான். நான் விடவில்லை.

புண் நன்றாகவே ஆறிவிட்டது. இப்போது பிரச்சினை வேறு. ராத்திரி இரண்டு மூன்று முறை அலறி எழுந்திருக்கிறான், எழுந்தாலும் என்னிடம் வருவதில்லை, தலையணையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். பாத்ரூம் போகப் பழகியிருந்தவன் மறுபடி டயப்பரில் இருக்கிறான். குளியல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே ஓடுகிறான். என்னைக் கடிக்கிறான், அவன் அப்பாவைக் கடிப்பதில்லை.

அப்புறம் ஒரு விளையாட்டு. அவனிடம் ஒரு துணி முயல் பொம்மை இருக்கிறது. டம்ளரை எடுத்து அதன் மேல் கவிழ்ப்பான். "சூடு சூடு" என்பான். டிஷ்யூ பேப்பரை எடுத்து அதன் கையைச் சுற்றுவான், சுற்றிக்கொண்டே இருப்பான். சுற்றி முடித்ததும் கொண்டுபோய்ச் செருப்பு வைக்கும் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, சுற்றியது சுற்றியபடியே இருக்க, அதன் மேல் மறுபடி டம்ளரைக் கவிழ்ப்பான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

குழந்தை டாக்டர், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான ஒரு தெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சைல்ட் பேரன்ட் சைக்கோதெரபி என்று பெயர். ஒவ்வொரு வாரமும் நானும் அவனும் சேர்ந்து போகவேண்டுமாம். நடந்ததை அவன் முன்னாலேயே பேசுவார்களாம். கணவர், "ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்?" என்கிறார். மாமியார், பிள்ளை பயந்திருக்கிறான், ஊருக்கு வந்தால் தர்காவில் ஓதிக்கொண்டு வரலாம், அஞ்சு வயதில் எதுவும் ஞாபகம் இருக்காது என்கிறார். அவர் தினமும் திருநீறு பூசி மடியில் போட்டுத் தட்டிக் கொடுக்கும்போதுதான் அவன் நன்றாகத் தூங்குகிறான். அதையும் சொல்லவேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் இதைப் பேசலாமா? பேசினால் கூடிவிடாதா? அடிபட்டது அவனுக்கு, என்னை எதற்கு உட்கார வைக்கிறார்கள்? என்மேல் தப்பு என்று நினைக்கிறார்களா? அந்த நாளுக்குப் பிறகு நான் சோறு வடிக்கவே இல்லை. பானையை எடுத்து கராஜில் வைத்துவிட்டேன்.


மேலூர்க்காரன் | மே 11

படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. எனக்கு ஆறு வயதில் எங்கள் வீட்டுக் கூரை தீப்பிடித்தது. யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வளர்ந்துவிட்டேன். அன்பாக வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி மடி இருக்கிறது, தானாகச் சரியாகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இன்றைக்கும் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தும் இடத்தில் என்னால் நிற்க முடியாது.


ஓக்லண்ட் அம்மா | மே 12

தங்கச்சி, நானும் என் மகளும் இந்தத் தெரபிக்குப் பதினோரு மாதம் போனோம். 2018இல். அப்போது அவளுக்கு நாலு வயது. எங்கள் கதை வேறு, ஆனாலும் சொல்கிறேன்.

அவள் அப்பா என்னை அடிப்பார். கடைசியாக ஒரு ராத்திரி, பால்கனிக் கண்ணாடிக் கதவு உடைந்து, பக்கத்து வீட்டார் கூப்பிட்டு, போலீஸ் வந்தது. அன்றைக்கே வெளியே வந்துவிட்டோம். அதன் பிறகு நல்லபடி இருப்போம் என்று நினைத்தேன். ஆனால் காலிங் பெல் அடித்தால் பிள்ளை மேஜைக்கு அடியில் போய்விடுவாள். நான் பால் கொடுக்கத் தாமதமானால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு "அறிவிருக்கா உனக்கு?" என்பாள். அது அவள் அப்பாவின் வார்த்தை, அதே இழுப்பு, அதே குரல். அதைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடாது. பதில் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விடுவேன். நாலு வயதுப் பிள்ளைக்குப் பயந்தேன் என்பதை இன்றைக்குத்தான் எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

உன்னை எதற்கு உட்கார வைக்கிறார்கள் என்று கேட்டாயே, அதைத்தான் நானும் கேட்டேன். எங்கள் தெரபிஸ்ட் சொன்னது இதுதான். இந்த வயதில் பிள்ளைக்கு உலகம் பத்திரமான இடமா இல்லையா என்பதைக் காட்டுவது அம்மா அப்பாதான். வாரம் ஒரு மணி நேரம் பார்க்கிற அந்நியரிடம் அந்த நம்பிக்கை திரும்ப வந்து பிரயோசனம் இல்லை, வீட்டில் அவளோடு இருப்பவரிடம் வரவேண்டும். ஆகவே இங்கே பேஷன்ட் பிள்ளையும் இல்லை, அம்மாவும் இல்லை. இருவருக்கும் நடுவில் அறுந்துபோனதைத்தான் பார்க்கிறார்கள். தப்பு யாருடையது என்ற விசாரணையே அங்கே கிடையாது.

முதல் நாலைந்து வாரம் நான் மட்டும்தான் போனேன். என்ன நடந்தது, பிள்ளை எதைப் பார்த்தாள், எதைக் கேட்டாள், எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் யார் அடித்தார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் விளங்கியது. மகள் கத்தும்போது நான் உறைந்து போவது அவள் அப்பாவால் மட்டும் இல்லை, என் அப்பா கத்தும்போதும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். செல்மா ஃப்ரைபர்க் என்ற அம்மையார் 1975இலேயே இதை எழுதியிருக்கிறார்: பெற்றவர்களின் பழைய காயம் கூப்பிடாமலே பேய் மாதிரி தொட்டில் பக்கம் வந்து நிற்கும் என்று. மிச்சிகனில் ஏழைத் தாய்மார்களின் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து பார்த்த வைத்தியம் அது. பிறகு அவர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தார். அந்த வழியில் வந்த அலிசியா லீபர்மேனும் பட்ரிசியா வான் ஹார்னும்தான் இந்த முறையை உருவாக்கினார்கள்.

அதே போல நல்லதையும் கேட்டார்கள். உன்னை யார் ஆசையாக வைத்திருந்தார்கள் என்று. எங்கள் அப்பாயி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பார். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்த வாரம் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். உன் மாமியாரின் திருநீறும் மடியும் அப்படிப்பட்டதுதான், அதை விட்டுவிடாதே. தெரபிஸ்டிடமும் சொல்.

சேர்ந்து போன முதல் நாளுக்கு முன்னால், மகளிடம் என்ன சொல்வது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். பிள்ளைக்கு ஏன் அங்கே வந்திருக்கிறோம் என்று தெரியவேண்டும் என்பதில் அவர்கள் ரொம்பக் கண்டிப்பு. அறையில் ஒரு பொம்மை வீடு, அப்பா அம்மா பிள்ளை பொம்மைகள், ஒரு சின்ன போலீஸ் கார், டாக்டர் பெட்டி இருந்தன. தரையில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி அப்பா அம்மாவை அடிச்சதை நீ பார்த்தே. கண்ணாடி உடைஞ்சுது. போலீஸ் வந்தாங்க. உனக்கு ரொம்பப் பயமா இருந்திருக்கும். அதனாலதான் பெல் அடிச்சா ஒளிஞ்சுக்கிறே. இங்க அதைப் பத்தி விளையாடலாம், பேசலாம்." சொல்லும்போது என் குரல் நடுங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பொம்மையை எடுத்துப் பொம்மை வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். அப்படியே இருபது நிமிஷம்.

மூன்று வாரம் அந்தப் பொம்மை கதவு பக்கமே நின்றது. நாலாவது வாரம் அதன் கையால் கதவைத் திறந்தாள். "பாப்பாதான் திறந்தா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அப்பா பெல் அடித்தபோது ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளியது அவள்தான். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவளோ, தான் கதவைத் திறந்ததால்தான் அம்மா அடி வாங்கினாள் என்று எட்டு மாதமாக மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை! நான் அவளைத் தூக்கி மடியில் வைத்து, "நீ கதவைத் திறந்தது தப்பே இல்லைடா. அப்பா வந்தாருன்னு ஆசையா திறந்தே. அடிச்சது அப்பா. அடிக்கிறது தப்பு. பாப்பாவைப் பார்த்துக்கறது அம்மா வேலை" என்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டாள். அந்த செஷனில் அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

பேசினால் கூடுமா என்றாயே. முதல் ஒரு மாதம் எங்களுக்குக் கூடத்தான் செய்தது, பயப்படாதே. பேசாமல் இருந்தால் பிள்ளை தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு கதை கட்டிக்கொள்ளும். இந்த வயதில் அந்தக் கதையில் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பிள்ளையேதான். உன் பையன் ஓடி வந்து காலைக் கட்டினான். அதன் பிறகு அம்மா அவனை அமுக்கிப் பிடித்தாள், வலித்தது. அவன் அதை என்னவென்று புரிந்துகொண்டிருப்பான்?

இது சும்மா யாரோ தோன்றியபடி சொல்வது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன் கணவர் கேட்பார். 2005இல் வெளிவந்த ஆய்வு சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. என்னைப் போல வீட்டில் அடிபட்ட தாய்மார், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள், 75 ஜோடி. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தெரபி, வாரம் ஒரு முறையாக 50 வாரம். மற்றவர்களுக்கு வழக்கமான உதவிகளும் வெளியில் கிடைக்கும் சிகிச்சையும். தெரபிக்கு வந்த பிள்ளைகளிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் நடத்தைப் பிரச்சினைகளும் மற்றவர்களைவிடக் குறைந்தன. அம்மாக்களிடமும், நடந்ததை நினைக்காமல் விலகி ஓடுகிற தன்மை குறைந்தது. முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பிள்ளைகளின் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கராஜில் இருக்கிற பானையை நினைத்துக்கொண்டுதான் அம்மாக்களைப் பற்றிய அந்த வரியை எழுதினேன்.


வெண்ணாற்றங்கரை | மே 12

அக்கா, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து படித்தேன். "அம்மா அமுக்கிப் பிடித்தாள், வலித்தது" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவன் என்னை மட்டும் ஏன் கடிக்கிறான் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கேள்வி. பையனுக்குத் தமிழ்தான் வரும், தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைக்கவில்லை. அடுத்தது, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் என்னையும் கணவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எப்படிக் கொட்டியது என்று கேட்டார். அதிலிருந்து கணவருக்குப் பயம். தெரபியில் ஏதாவது சொல்லப்போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று.


ஓக்லண்ட் அம்மா | மே 12

எங்கள் தெரபிஸ்டுக்கு ஸ்பானிஷும் இங்கிலீஷும்தான். மகள் தமிழில் விளையாடுவாள், நான் நடுநடுவே மெதுவாகச் சொல்வேன். நாள் போகப் போக அந்த அம்மா "பயம்", "வலிக்குது", "போதும்" மூன்று வார்த்தையும் கற்றுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். ஆனால் முக்கியமான வார்த்தையைப் பிள்ளையிடம் சொல்லப்போவது நீதான், அது தமிழில்தான் இருக்கும்.

பயத்தைப் பற்றி: கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் தெரபிஸ்ட் புகார் செய்தே ஆகவேண்டும், அது சட்டம். எதைச் சொல்லியாகவேண்டும், எதைச் சொல்லமாட்டார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள், உன் கணவரும் கூட இருக்கட்டும். தீக்காயம் பட்ட சின்னப் பிள்ளை வந்தால் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும்தான் அப்படிக் கேட்பார்கள். விபத்து நடந்த வீட்டுக்கு உதவி செய்வதுதான் அந்தத் தெரபிஸ்டின் வேலை. உங்களுக்கு மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான கலிபோர்னியா அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால், பெற்றவரையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கும் சேவைகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து அதில் வழி இருக்கிறது. கேட்டுப் பார்.


சோழிங்கநல்லூர் | மே 14

சென்னையில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் குறிப்பிட்ட முறையில் நான் பயிற்சி பெற்றவள் இல்லை, அதனால் அந்த விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1976இல் நீங்கள் இருக்கும் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் 26 பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸோடு கடத்தினார்கள். லிவர்மோரில் ஒரு குவாரிக்குள் புதைத்த வண்டியில் அடைத்தார்கள். எல்லோரும் தப்பி வந்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பார்த்து எழுதினார். ஒரே விளையாட்டைச் சந்தோஷமே இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடுவது அதிர்ச்சியின் அடையாளம் என்று அவர் காட்டினார். சாதாரண விளையாட்டு மாறிக்கொண்டே இருக்கும், பிள்ளையின் மனது லேசாகும். இது மாறாது, லேசாகவும் ஆகாது. ஐந்து வயதுக்குள் பயங்கரத்தைச் சந்தித்த 20 பிள்ளைகளையும் அவர் பிறகு பார்த்தார். வாயால் சொல்லத் தெரியாத அளவு சின்ன வயதில் நடந்ததுகூட விளையாட்டில் வந்தது. மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் கையேடு டிஎஸ்எம்-5. 2013இல் வந்த அதில், அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த நோய்க்கு ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கென்று தனி அளவுகோலே வைத்தார்கள். மேலூர் ஐயா, உங்கள் சொக்கப்பனையைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தன்னார்வலராக இருந்தேன், அப்போது கல்லூரி மாணவி. முகாமில் ஒரு சின்னப் பெண் மணலில் வீடு கட்டி, கையால் இழுத்து அழித்து, மறுபடி கட்டுவாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். அவள் அம்மா பத்தடி தள்ளி உட்கார்ந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். எங்களிடம் இருந்த கிரேயானையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அந்த அம்மா பக்கத்தில் போய் உட்காரவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு: எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள் மனநலத்துக்குத் தனித் துறை இருக்கிறது.


வெண்ணாற்றங்கரை | ஜூலை 20

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். போய்க்கொண்டிருக்கிறோம். நான் மட்டும் போனது ஐந்து வாரம், சேர்ந்து போனது நாலு. கணவர் முதல் சந்திப்புக்கு வந்தார், கேட்கவேண்டியதைக் கேட்டார், இப்போது அவரே எங்களை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்.

அறையில் சின்னச் சமையல் பாத்திரங்களும் கட்டுப் போடும் காஸ் துணி ஒரு சுருளும் எங்களுக்காகவே வாங்கி வைத்திருந்தார்கள். முதல் வாரம் நான் எழுதி வைத்ததைச் சொன்னேன். கஞ்சி கொட்டினதையும் சொன்னேன், கட்டு மாத்தும்போது நான் பிடிச்சுக்கிட்டதையும் சொன்னேன். "நீ விடு விடுன்னு சொன்னே. அம்மா விடலை. புண்ணு ஆறணும்னு பிடிச்சுக்கிட்டேன். உனக்கு என்மேல கோபமா இருக்கும்." அவன் முயலை எடுத்து என் மேல் எறிந்தான். தெரபிஸ்ட் "கோபம்தான்" என்பதைப் போல மெதுவாகத் தலையாட்டினார், எறியாதே என்று யாரும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முயலுக்கு வழக்கம் போல ஊற்றினான், சுற்றினான். எழுந்து அறையில் அலமாரி தேடினான், இல்லை. என்னைப் பார்த்து, "நான் ஓடி வந்தேன்ல?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "ஆமாடா, அம்மாகிட்ட ஓடி வந்தே. எப்பவும் ஓடி வரலாம். பானை கைநழுவிடுச்சு, நீ தள்ளலை" என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து முயலின் கையிலிருந்த காஸைப் பிரிக்க ஆரம்பித்தான். பிப்ரவரியிலிருந்து ஒரு முறைகூட அவன் அதைப் பிரித்ததில்லை. முழுக்கப் பிரித்து, அந்தத் துணிக் கையை என்னிடம் நீட்டி, "க்ரீம் போடு" என்றான்.

தழும்புக்குப் போடும் க்ரீம் என் கைப்பையில் இருந்தது. முயலுக்குப் போட்டேன். ராத்திரி அவனுக்குப் போட்டபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை.

குளியல் தொட்டி இன்னும் முடியவில்லை. மாமியார் போன மாதம் ஊருக்குப் போவதற்கு முன் இந்தியன் ஸ்டோரில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மக்கும் வாங்கி வைத்துவிட்டுப் போனார், அதில்தான் குளிக்கிறான், அவனே மொண்டு ஊற்றிக்கொள்கிறான். டயப்பர் ராத்திரிக்கு மட்டும்.

அக்கா, பானை இன்னும் கராஜில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் நான் மட்டும் பேசுவதற்கு அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன்.